காஜியின் கையெழுத்து

தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்காக அரசு நியமிக்கும் ஷரீஅத் பொறுப்பாளர் காஜி. மாநிலம் முழுமைக்கும் சென்னையில் ஒரு தலைமை காஜி இருக்கிறார். மாவட்டங்களுக்கு மாவட்ட காஜிகள் இருக்கிறார்கள். சேத்தூரிலோ ராஜபாளையத்திலோ நடக்கும் நிக்காஹ், ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கும் நோன்பு, வத்திராயிருப்பில் கொண்டாடும் பெருநாள் ஆகியவை விருதுநகர் மாவட்ட காஜியின் வட்டத்துக்குள் வருகின்றன. நியமன ஆணையை வெளியிடுவது பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறை. இந்தப் பதவிக்கு ஆதாரமாக இன்றும் இருப்பது ஆங்கிலேயர் காலத்து நான்கே பிரிவுகள் கொண்ட ஒரு சிறிய சட்டம், 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம். அதன் இரண்டாம் பிரிவு காஜியை நியமிக்கும் உரிமையை அரசுக்குத் தருகிறது. நான்காம் பிரிவோ, அப்படி நியமிக்கப்பட்டவருக்கு நீதிமன்ற அதிகாரமும் இல்லை, நிர்வாக அதிகாரமும் இல்லை என்கிறது. அரசு தன் கையால் ஒருவரை அமர்த்திவிட்டு, உடனே வெறுங்கையோடு அனுப்பிவைக்கும் இப்படியொரு பதவி இந்தியச் சட்டப் புத்தகங்களில் அரிது.

ஒரு காலத்தில் காஜி வெறுங்கையராக இருந்ததில்லை. இஸ்லாமிய ஆட்சி நடந்த இடங்களில் அவர்தான் நீதிபதி. சட்டக் கேள்விக்கு விளக்கம் தருபவர் முஃப்தி. அவர் தருவது ஃபத்வா, அதாவது கருத்து. இரு தரப்பையும் கேட்டு, சாட்சியை விசாரித்து, தீர்ப்புச் சொல்லி நிறைவேற்ற வைப்பவர் காஜி. அவரை அமர்த்துவது சுல்தானின் உரிமை. மொராக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதாவை டெல்லியில் காஜியாக்கியவர் முகமது பின் துக்ளக். பிறகு மாலத்தீவிலும் இப்னு பதூதா அதே பதவியில் இருந்தார். 1340-களில் மதுரைக்கு வந்த அவருக்கு இங்கே உறவும் இருந்தது. டெல்லியில் அவர் மணந்தது மதுரை சுல்தானகத்தைத் தொடங்கிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகளை.

மதுரையில் காஜிகளின் நினைவு இன்னும் தெருப்பெயராக நிற்கிறது. பெரியார் பேருந்து நிலையத்தை ஒட்டிய காஜிமார் தெருவும் அதிலுள்ள பெரிய பள்ளிவாசலும் சையது தாஜுத்தீன் என்ற காஜியின் வழியினரோடு தொடர்புடையவை. பள்ளிவாசல் பாண்டியர் காலத்தது என்பது அக்குடும்பங்களின் பரம்பரைச் செய்தி. தெற்குச் சீமையில் காஜி என்பது ஒரு ஆளின் பதவியாக மட்டுமல்லாமல் ஒரு குடும்பத்தின் உரிமையாகவும் விளங்கியதற்கு இத்தெரு சாட்சி. ஆற்காட்டு நவாபுகளும் இந்த வழக்கத்தை மாற்றவில்லை. சன்னது எனும் உரிமைப் பத்திரம் கொடுத்தார்கள், இனாம் நிலம் விட்டார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைப் பிடித்தபோது காஜியை உடனே அப்புறப்படுத்தவில்லை. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி, குடும்ப வழக்குகளில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டம், இந்துக்களுக்கு சாஸ்திரம் என்று முடிவானது. அந்தச் சட்டங்களை அறியாத ஆங்கிலேய நீதிபதிகளுக்குப் பக்கத்தில் மௌலவிகளும் பண்டிதர்களும் சட்ட அலுவலர்களாக உட்கார்ந்தார்கள். மெல்ல மெல்ல நூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன, முன் தீர்ப்புகள் சேர்ந்தன, நீதிபதிகளுக்குப் பக்கத்து நாற்காலி தேவைப்படாமல் போனது. 1864-இல் 11-ஆம் சட்டம் வந்தது. நீதிமன்றத்து மௌலவியும் பண்டிதரும் போனார்கள். கூடவே, நகர காஜி, பர்கானா காஜி ஆகியோரை அரசு நியமிக்கும் ஏற்பாடும் நீக்கப்பட்டது.

நீதிமன்ற வேலை போனதைச் சமூகம் பெரிதாகப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. சிக்கல் கல்யாண வீட்டில்தான் எழுந்தது. பல பகுதிகளில், அரசு நியமித்த காஜி முன்னால் நடந்தால்தான் திருமணம் முறையானது என்ற வழக்கம் வேரூன்றியிருந்தது. அரசு நியமிக்காவிட்டால் யார் காஜி? ஒரே ஊரில் இரண்டு பேர் உரிமை கொண்டாடினால் யாருடைய பதிவேடு செல்லும்? இந்தக் குழப்பம் பதினாறு ஆண்டுகள் நீடித்தது. அலிகர் கல்லூரியை நிறுவிய சையது அகமது கான் அப்போது வைசிராயின் சட்டமன்றத்தில் உறுப்பினர். அவர் முன்வைத்த மசோதாதான் 1880-ஆம் ஆண்டின் 12-ஆம் சட்டமாயிற்று. சட்டத்தின் முதல் பிரிவில் தமிழ் வாசகருக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. சட்டம் தொடக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநரின் ஆட்சிப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும், மற்ற மாகாணங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. அதாவது இது முதலில் சென்னை மாகாணத்துக்காகச் செய்த சட்டம்.

நியமன முறையும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு பகுதியில் வாழும் முஸ்லிம்களில் கணிசமானோர் காஜி வேண்டும் என்று விரும்புவதாக அரசுக்குத் தோன்ற வேண்டும். அப்பகுதியின் முக்கிய முஸ்லிம்களைக் கலந்து பேச வேண்டும். பிறகு தகுதியான ஒருவரையோ பலரையோ அரசு நியமிக்கலாம். நியமனம் சரியா தவறா என்ற கேள்வி வந்தால் அரசின் முடிவே இறுதி. தவறான நடத்தை, தொடர்ந்து ஆறு மாதம் பகுதியில் இல்லாமை, நொடித்துப்போதல், பணி செய்ய இயலாமை முதலிய காரணங்களுக்காக இடைநீக்கமோ பதவிநீக்கமோ செய்யலாம். மூன்றாம் பிரிவு காஜிக்கு உதவியாக நாயிப் காஜிகளை வைத்துக்கொள்ள வழி செய்கிறது. சம்பளம் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இன்று அரசு தரும் மதிப்பூதியம் நிர்வாக முடிவால் வந்தது.

நான்காம் பிரிவைத் தனியாகப் படிக்க வேண்டும். அது மூன்று செய்திகளைச் சொல்கிறது. காஜிக்கோ நாயிப் காஜிக்கோ எந்த நீதி, நிர்வாக அதிகாரமும் இச்சட்டத்தால் கிடைக்காது. திருமணத்துக்கோ வேறு சடங்குக்கோ காஜி இருந்தே ஆக வேண்டும் என்று இச்சட்டம் கட்டாயப்படுத்தாது. வேறு யாரும் காஜி வேலையைப் பார்ப்பதை இச்சட்டம் தடுக்காது. அரசு அமர்த்திய காஜிக்குத் தனியுரிமை இல்லை என்பது இதன் பொருள். ஊர்ப் பள்ளிவாசல் இமாம் நிக்காஹ் ஓதிவைத்தால் அதுவும் செல்லும். அப்படியிருந்தும் காஜிக்கு மதிப்பு நிலைத்தது என்றால் அது ஊர் முஸ்லிம் சபைகளான ஜமாஅத்துகள் கொடுத்த மதிப்பு.

இன்றைய நடைமுறையில் பதவி காலியானால் மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பம் கோரப்படுகிறது. ஆலிம் அல்லது ஃபாஸில் பட்டம் பெற்ற மார்க்க அறிஞர்கள் விண்ணப்பிக்கிறார்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதியவர் பெயருக்குப் பின் ‘பாகவி’ என்றும், லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவருக்கு ‘மன்பஈ’ என்றும் இருக்கும். எந்த மதரஸாவில் ஓதியவர் என்பதை ஜமாஅத்துகள் கவனிக்காமல் இருப்பதில்லை. விண்ணப்பதாரர்களைப் பற்றிப் பள்ளிவாசல் நிர்வாகிகளான முத்தவல்லிகளின் கருத்தைக் கேட்பது, சட்டம் சொல்லும் கலந்தாலோசனைக்கு இன்றைய வடிவம்.

காஜியின் எல்லை வருவாய் எல்லையோடு சேர்ந்து நகர்கிறது. சேத்தூர் ஜமீன் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவோடு அங்கே போனது. 1985-இல் காமராஜர் மாவட்டம் பிரிந்தது. அதுவே இன்றைய விருதுநகர் மாவட்டம். பக்கத்திலுள்ள வாசுதேவநல்லூரும் புளியங்குடியும் 2019 முதல் தென்காசி மாவட்டம். சேத்தூரிலிருந்து புளியங்குடிக்கோ கடையநல்லூருக்கோ பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கோடுகள் பெரிய விஷயமல்ல. ஆனால் கல்யாணப் பதிவில் எந்த மாவட்ட காஜியின் முத்திரை விழும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. ஜமீனுக்கும் காஜிக்கும் ஒரு காலத்தில் சன்னது கொடுத்தது ஒரே வகை அரசுதான். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீனை ஒழித்தது. காஜி பதவி நிற்கிறது.

சென்னையின் தலைமை காஜி பதவிக்கும் குடும்ப வரலாறு உண்டு. ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் சென்னையில் காஜியாக இருந்த பத்ருத் தவ்லா முகமது சிப்கத்துல்லா 1863-இல் காலமானார். நவாயத் மரபில் வந்த பெரிய அறிஞர் அவர். குர்ஆனுக்குத் தக்னி உருதுவில் விரிவுரை எழுதத் தொடங்கியவர். அவருடைய குடும்பத்திலிருந்தே பிற்காலத்தில் காஜிகளும் அறிஞர்களும் வந்தார்கள். நீண்ட காலம் தலைமை காஜியாக இருந்த முஃப்தி சலாஹுத்தீன் முகமது அய்யூப் அந்த மரபினர். கெய்ரோவின் அல் அஸ்ஹரில் பயின்றவர். 2025 மே 24 அன்று அவர் காலமானார்.

காஜியின் அன்றாட வேலை நிக்காஹ்தான். மணமகளின் சம்மதத்தை அவள் சார்பாளரான வக்கீலும் இரு சாட்சிகளும் கேட்டு வருவார்கள். வலி, அதாவது பெண்ணின் பொறுப்பாளர், உடன் இருப்பார். மஹர் தொகை சபையில் சொல்லப்படும். இமாம் குத்பா ஓதி ஈஜாப், கபூல், அதாவது முன்மொழிவும் ஏற்பும், சொல்லவைப்பார். எல்லாவற்றையும் நிக்காஹ் தப்தரில், அதாவது பதிவேட்டில், எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். மாவட்ட காஜி எல்லா ஊருக்கும் நேரில் போக முடியாது. பல ஊர்களில் பள்ளிவாசல் இமாமே நடத்திவைக்கிறார், விவரம் காஜியின் அலுவலகப் பதிவுக்குப் போகிறது. கடவுச்சீட்டு, விசா, வளைகுடாவுக்கு மனைவியை அழைத்துப் போவது என்று வந்தால் முத்திரையுள்ள சான்றிதழின் அருமை தெரியும். தென்மாவட்ட முஸ்லிம்களில் கணிசமானோர் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை நம்பியவர்கள் என்பதால் காஜி அலுவலகத்துக்கு ஆள் வருவது குறைவதில்லை.

ஆனால் நிக்காஹ் சான்றிதழோடு சட்டக் கடமை முடிவதில்லை. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. எந்த மதத்தவர் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் 60 நாட்கள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். ஜமாஅத்தோ காஜியோ தரும் சான்று அந்தப் பதிவுக்கு ஆதாரமாகிறது, பதிவாகிவிடாது. இந்த வேறுபாடு தெரியாத குடும்பங்கள் விசா விண்ணப்பம் நிற்கும்போதுதான் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தேடுகின்றன.

பொதுமக்கள் காஜியின் பெயரைக் கேட்பது பெரும்பாலும் பிறை விஷயத்தில். இஸ்லாமிய மாதம் 29 அல்லது 30 நாள். 29-ஆம் நாள் மஃரிபுக்குப் பிறகு மேற்கு வானில் தலைப்பிறை தெரிந்தால் மறுநாள் புது மாதம். தெரியாவிட்டால் 30 பூர்த்தி செய்ய வேண்டும். தெரிந்தது என்பதற்குச் சாட்சி எவ்வளவு வேண்டும் என்பதற்கு மத்ஹபு, அதாவது சட்டநெறி, நூல்களில் விதி இருக்கிறது. ஹனஃபி வழியில், மேகமூட்டமான நாளில் ரமலான் தொடங்க நம்பகமான ஒருவரின் சொல் போதும். நோன்பை முடித்துப் பெருநாள் கொண்டாட இரண்டு சாட்சிகள் வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் ஒன்றிரண்டு பேர் சொல்வது போதாது, பலர் பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரியக்கூடிய வானத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்தால் சந்தேகம் வரத்தானே செய்யும். தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் தகவல்களை இப்படி எடைபோட்டுத் தலைமை காஜி இரவில் அறிவிப்பு வெளியிடுகிறார். மாவட்ட காஜிகளும் பள்ளிவாசல்களும் அதை ஊருக்குக் கொண்டுசேர்க்கின்றன.

அந்த அறிவிப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வலிமை இல்லை. ஆனாலும் அரசே அதைப் பின்பற்றுகிறது. 2024-ஆம் ஆண்டுக்கான விடுமுறைப் பட்டியலில் மீலாது நபி செப்டம்பர் 16 என்று இருந்தது. அந்த மாதம் 4-ஆம் தேதி மாலை பிறை தென்படவில்லை. மீலாது வரும் ரபீஉல் அவ்வல் மாதம் 6-ஆம் தேதி தொடங்குகிறது என்று தலைமை காஜி அறிவித்தார். அரசு விடுமுறையை 17-ஆம் தேதிக்கு மாற்றியது. பள்ளிகள், கருவூலங்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் அதன்படி மூடின. அதிகாரமே இல்லாத ஒருவரின் சொல்லுக்கு ஒரு மாநிலமே கதவடைக்கிறது என்றால், நான்காம் பிரிவை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சேத்தூருக்கு மேற்கே மலை, மலைக்கு அப்பால் கேரளம். அங்கே காஜியை நியமிப்பது அரசல்ல, மஹல்லு ஜமாஅத்துகள். கோழிக்கோட்டின் வலிய காஜி போன்றவர்கள் மரபாலும் மக்கள் ஏற்பாலும் அந்தப் பதவியில் இருப்பவர்கள். 2024-இல் பொன்னானியில் பிறை பார்த்த செய்தியை ஏற்றுக் கேரளம் ஏப்ரல் 10 அன்று நோன்புப் பெருநாள் கொண்டாடியது. தமிழ்நாட்டில் பெருநாள் 11-ஆம் தேதி. மலைக்கு அந்தப் பக்கம் தக்பீர் முழக்கம் கேட்ட காலையில் இந்தப் பக்கம் கடைசி நோன்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் சில ஜமாஅத்துகள் கேரள வழக்கத்தை ஒட்டிப் போவதுண்டு. ஓரிடத்துப் பிறை வேறிடத்துக்குச் செல்லுமா என்பதில் ஷாஃபி, ஹனஃபி நூல்களிடையே கருத்து வேறுபாடு பழையது. ஹனஃபி நூல்களின் முதன்மைக் கருத்து எங்கே தெரிந்தாலும் எல்லோருக்கும் செல்லும் என்பது. ஹனஃபிகள் மிகுந்த தமிழ்நாட்டில் நடைமுறையோ மாநில எல்லையோடு நின்றுகொள்கிறது. ஃபிக்ஹு நூலைவிட 1956-இன் மொழிவாரி எல்லைக்கோடு இங்கே அழுத்தமாக விழுந்திருக்கிறது.

எல்லோரும் தலைமை காஜியைக் கேட்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. தாங்களே பிறையை முடிவு செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. வானியல் கணக்கின்படி நாட்காட்டி போட்டுக்கொள்வோரும், சவூதி அறிவிப்போடு பெருநாள் கொண்டாடுவோரும் இருக்கிறார்கள். ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் தொழுகை நடப்பது தென்மாவட்டங்களில் புதிதல்ல. காவல்துறைக்கு இதில் ஒரே கவலை, இரு நாளும் திடலில் சச்சரவு வரக் கூடாது என்பது. காஜிக்குத் தடுக்கும் உரிமை இல்லை.

காஜியின் கையெழுத்து கடுமையான கேள்விக்கு உள்ளானது தலாக் விஷயத்தில். கணவன் தலாக் சொல்லிவிட்டதாகக் கடிதத்தோடு வருவான். அது ஷரீஅத்படி செல்லும் என்று காஜி சான்றிதழ் கொடுப்பார். அந்தத் தாள் ஜீவனாம்ச வழக்கிலும் மறுமணத்திலும் ஆவணமாகக் காட்டப்படும். மனைவியைக் கேட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வக்ஃபு வாரியத் தலைவராக இருந்தவருமான வழக்கறிஞர் பதர் சயீத் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி எம். சுந்தர் அமர்வு 2017 ஜனவரி 11 அன்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. காஜிகள் தலாக்கை உறுதிப்படுத்தும் சான்றிதழ் தரக் கூடாது. தலைமை காஜி தந்த சான்றிதழ் நீதிமன்றங்களுக்கு வெறும் கருத்து மட்டுமே. 1880-இல் எழுதிய நான்காம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. 137 ஆண்டுகளாகப் புத்தகத்தில் படுத்திருந்த பிரிவு, ஒரு பெண் வழக்கறிஞரின் மனுவால் எழுந்து உட்கார்ந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று ஷாயரா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கைச் செல்லாததாக்கியது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருந்தது. அரசு நியமனம் பெறாத ஷரீஅத் கவுன்சில்களின் சான்றிதழ்களும் அடுத்தடுத்து விழுந்தன. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், குலா, அதாவது மனைவி கேட்கும் மணமுறிவு, கோரும் பெண் குடும்ப நல நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும், தனியார் கவுன்சிலின் சான்று செல்லாது என்றது. 2024 அக்டோபரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தலாக்கை மனைவி மறுத்தால் கணவன்தான் நீதிமன்றத்தில் நிரூபித்து ஆணை பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

ஆக, சேத்தூரில் மணமுறிவை நாடும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு நடைமுறை இதுதான். ஊர் ஜமாஅத் சமரசம் பேசலாம், மாவட்ட காஜி மார்க்க விளக்கம் தரலாம். சட்டப்படி விடுதலை வேண்டுமானால் 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தின்படி நீதிமன்றம் போக வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ராஜபாளையம் பக்கத்தவர்களுக்கு இது ஒரு சிறு வசதி. ஆனால் வழக்கறிஞர் கட்டணம், வாய்தா, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு ஆகியவை ஒரு வாரத்தில் கிடைத்த காஜி சான்றிதழை நினைத்து ஏங்க வைக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குலாவைப் பெண்ணே விரும்பிக் கேட்ட நேரங்களில் அந்தப் பழைய வழி அவளுக்கும் எளிதாக இருந்தது.

காஜிக்கு உண்மையான தீர்ப்பதிகாரம் கொடுத்தால் என்னவாகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்கே 1951-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதி (காஜிக்கு அங்குள்ள பெயர்) நீதிமன்றங்கள் இயங்குகின்றன. காதியை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. விவாகரத்து, பராமரிப்பு வழக்குகளை அவர் விசாரித்துத் தீர்ப்பளிக்கிறார். மேல்முறையீட்டுக்குக் காதிகள் சபை இருக்கிறது. காதி முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. திருமணப் பதிவில் மணமகளின் கையெழுத்துக்கு இடமில்லை. திருத்தம் ஆராய 2009-இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைத்த குழு 2018-இல்தான் அறிக்கை தந்தது. காதியின் முன் நின்ற அனுபவத்தை மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியபின் விவாதம் சூடானது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1966-ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் வேலைகளைப் பிரித்துவைத்தது. முஃப்தியைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார், அவர் ஃபத்வா குழுவுக்குத் தலைவர். மணமுறிவு ஷரீஅத் நீதிமன்றத்தில், திருமணப் பதிவு தனி அலுவலகத்தில். பெருநாள் தேதி வானியல் கணக்கால் முன்கூட்டியே நாட்காட்டியில் அச்சாகிவிடுகிறது. சென்னையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் போய்க் குடியேறிய குடும்பங்கள் அங்கே பிறைச் செய்திக்காக இரவு விழித்திருப்பதில்லை.

இந்தியாவின் 1880 சட்டம் காஜி ஆணாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, தகுதியானவராக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் அமைப்பிடம் பயிற்சி பெற்ற பெண்கள் ஜெய்ப்பூரில் தங்களைக் காஜிகளாக அறிவித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அரசாணை இல்லை, ஆனால் நான்காம் பிரிவின்படி யாரும் தடுக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டையைச் சேர்ந்த தாவூத் ஷரீஃபா கானம் 2000-களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். ஆண்கள் மட்டும் அமரும் ஜமாஅத்தில் தலாக் வழக்குப் பேசப்பட்டு, சம்பந்தப்பட்ட பெண் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்த நிலையே அதற்குக் காரணம். பெண்கள் ஜமாஅத் மனுவை வாங்கி, விசாரித்து, ஊர் ஜமாஅத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதுகிறது. காஜி நியமனத்துக்கு முன் யாரைக் கலந்து பேசுவது என்பதைச் சட்டம் ‘முக்கிய முஸ்லிம் குடியிருப்பாளர்கள்’ என்று பொதுவாகவே விட்டிருக்கிறது. ஆட்சியர் அந்தப் பட்டியலில் இப்படிப்பட்ட பெண்கள் ஜமாஅத்துகளையும் சேர்க்க விரும்பினால் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது.